தெரிந்த கதைக்கு அம்மம்மா ஏன் அழுகிறார்?

விடுமுறையில் கிளிநொச்சிக்கு வந்து நிற்கும் ஒருவர் இங்கே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். தன் அம்மம்மா முப்பது வருடத்துக்கு முந்திய தமிழ்நாட்டுக் கிராமத்துக் குடும்பப் படமொன்றைப் பத்தாவது தடவையாகப் பார்க்கிறாராம். அடுத்த வசனம் என்னவென்று அவருக்கு மனப்பாடம், ஆனாலும் அதே இடத்தில் அழுகிறாராம். "அந்த ஊர் எங்கள் ஊர் இல்லை, அந்த வழக்கங்கள் எங்கள் வழக்கங்கள் இல்லை. பிறகு ஏன் இந்தப் படங்கள் இன்னும் இங்கே ஓடுகின்றன?" என்பது கேள்வி. படங்களைப் பற்றிய கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டவர் அறிய விரும்புவது அம்மம்மாவின் கண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை என்றுதான் எனக்குப் படுகிறது. அதற்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

நான் 1989இல், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அடங்கிய இலங்கையின் வன்னியில், ஒரு சந்தியில் தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் (வீடியோ கசெற் போடும் கருவி) வாடகைக்கு விடும் தொழிலைத் தொடங்கினேன். சனம் இடம்பெயர்ந்தபோதெல்லாம் கடையும் கூடவே இடம்பெயர்ந்தது. கசெற் போய் சீடி வந்தது, சீடி போய் டிவிடி வந்தது. போர் முடிந்து சில வருடங்களின் பின் கடையை மூடினேன். என் தகப்பனார் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார். அவருடைய காத்தவராயன் கூத்துக்குப் பல வருடங்கள் நான் ஆர்மோனியம் வாசித்திருக்கிறேன். பக்கப்பாட்டுக்காரர் நடுவே இருந்தாலும் சரி, டெக்குக்குப் பக்கத்தில் இருந்தாலும் சரி, என் முகம் சனத்தின் பக்கமே இருக்கும். நான் சொல்லப்போவது அப்படிப் பார்த்த முகங்களை வைத்துத்தான். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக் கமக்காரக் கிராமங்களே எனக்குப் பழக்கம். மன்னார்க் கரையோர ஊர்களுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன்.

முதலில், கதை தெரிந்திருப்பதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வன்னியில் கதை தெரியாமல் கூத்துப் பார்க்கப் போனவர் யாருமில்லை. காத்தவராயன் தான் காதலித்த ஆரியமாலைக்காகக் கழுமரம் ஏறுவான் என்பது மடியில் கிடக்கும் குழந்தைக்கும் தெரியும். முல்லைத்தீவில் ஆடப்படும் கோவலன் கூத்தில் சிலம்பு விற்கப் போனவன் திரும்பி வரமாட்டான் என்பதும் தெரியும். பாயைச் சுருட்டிக்கொண்டு விடியும்வரை இருந்து பார்ப்பவர்கள் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. அந்த இடம் வரவேண்டும், வரும்போது தானும் அங்கே இருக்கவேண்டும் என்பதற்காகவே இருக்கிறார்கள். தாய் முத்துமாரி மகனைத் தடுக்கும் பாட்டு வந்தால் பெண்கள் பக்கம் அடங்கிப்போகும். இருபது வருடம் தொடர்ந்து பார்த்தவர்களும் அடங்கிப்போவார்கள். உங்கள் அம்மம்மா படம் பார்ப்பதும் அதே பழக்கத்தில்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தக் காலத்தில் படம் பார்ப்பது எப்படியிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1990க்குப் பிறகு வன்னிக்கு மின்சாரம் இல்லை. எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. ஜெனரேற்றரை ஒரு சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலால் இயக்கிவிட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மாற்றும்போது ஒரு நிமிடம் திக்கித் திணறும். படம் சுருங்கி விரியும். முற்றத்தில் இருக்கும் முழுச் சனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு இரவுக்கு மூன்று படம் என்பது வழக்கம். முதலில் சாமிப் படம், நடுவில் குடும்பப் படம், நடுச்சாமத்துக்குப் பிறகு இளவட்டங்களுக்குச் சண்டைப் படம். முதல் படத்தில் பிள்ளைகள் தூங்கிவிடும். மூன்றாவதில் கிழவர்கள் எழுந்து போய்விடுவார்கள். நடுப்படத்துக்கு மட்டும் முற்றம் நிறைந்திருக்கும். காசு சேர்த்துத் தருபவர்களும் பெரும்பாலும் பெண்கள் என்பதால் நடுப்படம் எது என்பதை அவர்களே முடிவுசெய்தார்கள்.

அந்த நடுப்படங்களின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1961இல் வந்த பாசமலரிலேயே அண்ணன் தங்கைக் கதையின் முழு அச்சும் இருக்கிறது. ஆனால் அது கிராமத்துப் படமல்ல. 1977இல் பாரதிராஜாவின் 16 வயதினிலே கமெராவை ஸ்டூடியோவுக்கு வெளியே கொண்டுபோனது. அதற்குப் பிறகு புழுதியும் கிணற்றடியும் திண்ணையும் படங்களுக்குள் வந்தன. இளையராஜாவின் இசையில் நாட்டுப்புறத்து மெட்டுகள் அதற்கு முந்திய வருடமே வந்திருந்தன. தொண்ணூறுகளின் முற்பாதியில் இந்த இரண்டு ஓடைகளும் ஒன்றுசேர்ந்தன. 1993இல் கிழக்குச் சீமையிலே, 1994இல் நாட்டாமை. அம்மம்மா பார்ப்பது அந்த வருடங்களில் வந்த ஒன்றாகத்தான் இருக்கும். வன்னிக்கு அவை வந்துசேரச் சுணங்கின. வந்த பிறகு கசெற் தேயும்வரை ஓடின.

இங்கே ஒரு தவறான விளக்கத்தை விலக்கிவைக்க வேண்டும். "எங்கள் சனம் தங்கள் ஊரையே அந்தப் படங்களில் காண்கிறது" என்று பலர் எழுதுகிறார்கள். காணவில்லை. ஆலமரத்தடியில் சொம்போடு உட்கார்ந்து ஊரைவிட்டுத் தள்ளிவைக்கும் நாட்டாமை எங்களுக்கு இல்லை. எங்களுக்கு இருந்தவர் ஊர்த்தலைவரான விதானையார். அவரும் அரசாங்கத்தின் ஆள், 1963இல் அந்தப் பதவி போய் கிராம சேவையாளர் வந்துவிட்டார். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையைக் கமக்காரர் கூட்டத்தில் பேசித் தீர்த்தோம். அதோடு, கிளிநொச்சிப் பக்கத்து ஊர்களில் பல இரணைமடுக் குளத்தை நம்பிக் காடு வெட்டி உண்டான குடியேற்றங்கள். ஏழு தலைமுறைப் பெரியவீடு, தூண் வைத்த முற்றம், பரம்பரைப் பகை இவற்றுக்கெல்லாம் அங்கே இடமே இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், 1958இலும் 1977இலும் வன்செயலுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்தவர், பழைய வன்னிக் கிராமத்தவர் எல்லோரும் அடுத்தடுத்த வளவுகளில் இருந்தார்கள். படத்தில் வரும் ஊர் இவர்களில் யாருடைய ஊருமில்லை.

அப்படியென்றால் எதைக் கண்டார்கள்? என் பதில் ஒரே சொல்லில் இருக்கிறது: முறை. யார் யாருக்கு என்ன முறை, அந்த முறைக்காரர் எந்த இடத்தில் நிற்கவேண்டும், என்ன கொண்டுவரவேண்டும், நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்தப் படங்கள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. பிறப்பு, காதுகுத்து, சாமத்தியச் சடங்கு, கல்யாணம், செத்தவீடு. ஒவ்வொன்றிலும் ஒரு இடம் ஒருவருக்காக ஒதுக்கப்பட்டிருக்கும். படத்தின் சண்டை முழுவதும் அந்த இடத்துக்கு அவர் வருவாரா, வந்தால் மதிக்கப்படுவாரா என்பதுதான். ஒரு கொலைக் காட்சிக்குக் கலங்காத பெண்கள், மாமன் கொண்டுவந்த தட்டத்தை மச்சான் தட்டிவிடும் காட்சிக்கு வாய்விட்டு அழுததை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் ஒரே காட்சிக்கு இரண்டு கரையிலும் ஒரே காரணத்துக்காக அழவில்லை. இதை நான் கண்டுகொள்ளப் பல வருடம் எடுத்தது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் நிலம் வழக்கமாக ஆண்பிள்ளைகளோடு நின்றுவிட்டது. கல்யாணத்தோடு தங்கை வேறு வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவளுக்கும் பிறந்த வீட்டுக்கும் நடுவே அறாமல் இருக்கும் கயிறு, அவள் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் கொண்டுவரும் சீர். அங்கே சீர் பெரிய விஷயமாக இருப்பது அதனால்தான். வடபகுதியில் தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், எழுத்தில் ஏறிய பழைய வழக்கம் அது. வீடும் வளவும் வயலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பதும் வழக்கம். ஆகவே எங்கள் அண்ணனின் பாரம் தங்கையின் கல்யாணத்துக்கு முன்னால் வருகிறது. தங்கைகளைக் கரைசேர்த்த பிறகுதான் தனக்குக் கல்யாணம் என்று நாற்பது வயதுவரை இருந்த அண்ணன்மார் இல்லாத கிராமம் வன்னியில் இல்லை. திரையில் அண்ணன் சீர்த்தட்டோடு வரும்போது தமிழ்நாட்டுத் தாய் தன் தாய்மாமனை நினைக்கலாம். எங்கள் தாய், சீதனக் காசுக்காக வயலிலும் கடையிலும் காய்ந்து, தலை நரைத்தபின் மாப்பிள்ளையான தன் தமையனை நினைக்கிறாள். இதில் முதல் பாதி நான் வாசித்தும் கேட்டும் அறிந்தது, இரண்டாவது பாதி கண்ணால் கண்டது.

மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு பாட்டி எங்கள் கடைக்குப் பக்கத்தில் இருந்தார். படம் ஓடும்போது பக்கத்து வளவுப் பெண்கள் அவரிடம் கேட்பார்கள், இது என்ன சடங்கு, இதை ஏன் தலையில் வைத்துக் கொண்டுவருகிறார்கள் என்று. அவர் தன் தாய் சொல்லக் கேட்டதை வைத்து ஒவ்வொன்றாக விளக்குவார். காணி இல்லாமல் கூலி வேலைக்குப் போனவர் அவர். மற்ற நாட்களில் அவரிடம் யோசனை கேட்க யாரும் வந்ததில்லை. படம் ஓடும் அந்த மூன்று மணித்தியாலம் மட்டும் அவர் சொல்ல மற்றவர்கள் கேட்டார்கள்.

இனி நான் மறக்காத ஒரு இரவு. 2002இல் போர்நிறுத்தம் வந்து வன்னி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து கல்யாண வீடியோக்கள் வரத் தொடங்கின. படத்துக்கு முன் அதைப் போடச் சொல்வார்கள். ஒரு வீட்டில் மகளைக் கனடாவுக்கு அனுப்பிக் கல்யாணம் செய்துகொடுத்திருந்தார்கள். தாயும் தமையனும் போகமுடியவில்லை. ஊர்முழுக்க முற்றத்தில் இருந்து அந்தக் கல்யாணத்தைப் பார்த்தது. மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வரும்போது பெண்ணின் சகோதரன்தான் தோழனாக நின்று அவருடைய காலைக் கழுவவேண்டும். அதற்கு மாப்பிள்ளை மோதிரம் போடுவார். கசெற்றில் காலைக் கழுவியது யாரோ ஒரு பையன். யார் அவன் என்று தாய் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. உண்மையான தமையன் பின்னால், என் ஜெனரேற்றருக்குப் பக்கத்தில், மண்ணெண்ணெய்க் கலனோடு நின்றுகொண்டிருந்தார். எண்ணெய் விடும் வேலையை அன்று அவர்தான் ஏற்றிருந்தார்.

அதற்குப் பிறகு கிழக்குச் சீமையிலே போட்டேன். அவர்கள் கேட்ட படம் அதுதான். தாய்மாமன் சீர் கொண்டுவரும் காட்சி வந்தபோது அந்தத் தமையன் முன்னால் வந்து நிலத்தில் இருந்துவிட்டார். அழுதாரா என்பது இருட்டில் தெரியவில்லை. எண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் இழுத்து இழுத்து நின்றது. திரை கறுத்தது. அவர் எழும்பவில்லை. ஒருவரும் அவரை எழுப்பவும் இல்லை. நானே போய் எண்ணெய் விட்டேன்.

உங்கள் கேள்விக்கு என்னிடமிருக்கும் பதிலில் பெரும்பகுதி அந்த முற்றத்தில்தான் கிடைத்தது. வன்னியில் பல வீடுகளில் சடங்குக்கு ஆள் இருக்கிறது, ஆனால் உரிய ஆள் இல்லை. ஒருவர் செத்திருப்பார், ஒருவர் கடல் கடந்திருப்பார், ஒருவர் எங்கே என்று இன்றுவரை தெரியாமலிருக்கும். அந்த இடத்தில் அயலவர் நிற்பார், கோயில் ஐயர் சொல்லி யாராவது ஒருவர் நிற்பார். காரியம் நடந்துவிடும். படத்தில் மட்டும் உரியவர் வந்துவிடுகிறார். சண்டை பிடித்துக்கொண்டு வருகிறார், அடிபட்டு வருகிறார், பிந்தி வருகிறார், ஆனால் வருகிறார். தன் இடத்தில் நிற்கிறார். கடைசிக் காட்சியில் முழுக் குடும்பமும் ஒரே சட்டத்துக்குள் நிற்கும்போது முற்றத்தில் பெண்கள் வாய்க்குள் ஆட்களை எண்ணுவார்கள். அது திரையில் இருப்பவர்களைத்தானா என்று நான் ஒருவரிடமும் கேட்டதில்லை.

படம் கட்டப்பட்டிருக்கும் விதத்துக்கும் இதில் பங்குண்டு. கூத்தோடு வளர்ந்தவன் என்பதால் இது என் கண்ணில் சுலபமாகப் பட்டது. முதல் முக்கால் மணித்தியாலம் ஒன்றும் பெரிதாக நடக்காது. யார் யாருக்காக என்ன விட்டுக்கொடுத்தார் என்ற கணக்கு மட்டும் மெல்ல மெல்ல எழுதப்படும். பிறகு ஒரு உண்மை நமக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், தங்கைக்குத் தெரியாது. அண்ணன் சொல்லமாட்டான். சொன்னால் அவள் குடும்பம் உடையும். அந்தப் பேசாத வாய்தான் முழுப் படத்தையும் தாங்கி நிற்கும் தூண். அழுகை வருவது பெரிய வசனத்தில் இல்லை, வசனம் வரவேண்டிய இடத்தில் அவன் தோளில் கிடக்கும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு திரும்பி நடக்கும்போது. வன்னிச் சனத்துக்குப் பேசாமல் இருப்பதன் பாரம் தெரியும். எதை யாரிடம் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அளந்து அளந்து பல வருடம் வாழ்ந்தவர்கள் அவர்கள். இந்தப் பகுதி என் ஊகம், உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்த ஊகத்தை நான் கைவிடவும் மாட்டேன்.

இன்னொரு காரணமும் அடிக்கடி சொல்லப்படும்: விட்டுவந்த மண்ணின் ஏக்கம். 1995 ஒக்டோபர் 30இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து புறப்பட்டு வன்னிக்கு வந்து சேர்ந்தவர்கள் தறப்பாள் கொட்டில்களில் இருந்து இந்தப் படங்களைப் பார்த்தார்கள். 2009க்குப் பிறகு செட்டிகுளத்து முகாம்களிலிருந்து திரும்பியவர்களும் பார்த்தார்கள். வீடு, கிணறு, மாடு, வைக்கோல் போர் திரையில் வந்தால் ஏக்கம் வரத்தான் செய்யும். ஆனால் அது மட்டும் போதுமென்றால் வயல் வரும் எந்தப் படமும் ஓடியிருக்கவேண்டும். ஓடவில்லை. பச்சை வயலைக் காட்டிவிட்டுக் காதலை மட்டும் சொன்ன படங்கள் ஒரு கிழமையில் என் தட்டுக்குத் திரும்பி வந்தன. மண் வேண்டும், மண்ணில் உறவு நிற்கவேண்டும். இன்று தொலைக்காட்சிகள் இவற்றை மீண்டும் மீண்டும் ஒளிபரப்புவதால்தான் சனம் பார்க்கிறது என்று சொல்வாரும் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் மின்சாரமே இல்லாத காலத்தில், மண்ணெண்ணெய் தங்கம் விலை விற்றபோது, காசு சேர்த்து, கேட்டு வாங்கி இதே படங்களைத்தான் பார்த்தார்கள். அப்போது ஒருவரும் திணிக்கவில்லை.

இந்தப் படங்களில் எனக்குப் பிடிக்காதது உண்டு. அதை மறைத்துப் புகழ்ந்தால் பதில் நேர்மையாக இராது. அடிக்கும் கணவனிடமே பெண்ணைத் திருப்பி அனுப்புவதை இவற்றில் பல பெருமையாகக் காட்டுகின்றன. விதவையை வெள்ளைச் சேலையில் மூலையில் இருத்துகின்றன. கணவனை இழந்து, தனியே வயல் செய்து, லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஓட்டிப் பிள்ளைகளைப் படிப்பித்த எத்தனையோ பெண்கள் இருக்கும் மண்ணில் அந்தக் காட்சிகளைப் போட எனக்குக் கை கூசியது. அவர்களோ அந்தக் காட்சியில் தங்களுக்குள் கதைத்துக்கொள்வார்கள், வெற்றிலை மடிப்பார்கள், அடுத்த காட்சிக்குத் திரும்பவும் கவனிப்பார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சாதி விஷயம் இதைவிடக் கடினம். படங்களின் தலைப்பிலேயே தேவர் என்றும் கவுண்டர் என்றும் இருக்கிறது. அந்தச் சாதிகள் எங்களிடம் பெரும்பாலும் இல்லாததால், கவுண்டர் என்றால் ஊர்ப்பெரியவர் என்ற அளவில்தான் எங்கள் சனம் எடுத்துக்கொண்டது. அங்கே பெருமையும் காயமும் தந்த சொல் இங்கே வெறும் பட்டமாக வந்து இறங்கியது. இதனால் நாங்கள் சுத்தமானவர்கள் என்று அர்த்தமில்லை. திரையில் சாதி தாண்டிய காதலர்களுக்காக அழுத அதே முற்றத்தில், அடுத்த மாதம் சொந்த மகளை அதே காரணத்துக்காக வீட்டுக்குள் பூட்டிவைத்ததை நான் அறிவேன். படம் மனிதரை மாற்றும் என்று நம்பித் தொழில் தொடங்கியவன் நான். அந்த நம்பிக்கையில் பாதிதான் இப்போது மிச்சம் இருக்கிறது.

புதிய படங்களிலும் இந்த வகை அறுந்துபோகவில்லை. 2018இல் கடைக்குட்டி சிங்கம் ஐந்து அக்காமாருக்குத் தம்பியான ஒரு விவசாயியின் கதையாக வந்தது. அடுத்த வருடமே நம்ம வீட்டுப் பிள்ளை அண்ணன் தங்கைக் கதையை மறுபடி எடுத்தது. இரண்டையும் என் பேரப்பிள்ளைகள் கைபேசியில், ஆளுக்கொரு மூலையில் இருந்து பார்த்தார்கள். பிடித்திருந்தது என்றார்கள். ஆனால் யாருக்கு யார் என்ன முறை என்று நடுவில் இரண்டு தடவை என்னிடம் வந்து கேட்டார்கள். முன்பு அந்த மலையகப் பாட்டியிடம் கேட்டது போல.

அம்மம்மா எந்த இடத்தில் அழுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த தடவை அந்த இடம் வரும்போது திரையை விட்டுவிட்டு அவரைப் பாருங்கள். அண்ணன் வரும்போதா, மாமன் தட்டோடு நிற்கும்போதா, எல்லோரும் சேர்ந்து நிற்கும்போதா என்று கவனியுங்கள். படம் முடிந்த உடனே கேட்காதீர்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலுக்குப் போய்விடுவார். பின்னேரம் தேநீரோடு முற்றத்தில் இருக்கும்போது, அவருடைய கல்யாணத்தில் தோழனாக நின்றது யார் என்று மட்டும் கேளுங்கள்.